மலையரக்கனின் தொண்டை

அந்த விளையாட்டுக் கம்பெனியில் அவளுக்கு உதட்டக்கா என்று பேர். வைத்தது யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கணினி விளையாட்டில் நடுநடுவே கதை சொல்ல வரும் படத்துண்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் படமும் சத்தமும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. பாத்திரம் வாயைத் திறப்பதும் குரல் வருவதும் கண்ணிமைக்கும் நேரம் விலகினாலும் அவளுக்குப் பொறுக்காது. பழக்கதோஷம், டிவியில் செய்தி ஓடும்போதுகூட உதட்டைத்தான் பார்ப்பாள். "என்ன சொன்னாங்க?" என்று புருஷன் கேட்டால் சொல்லத் தெரியாது. "சத்தம் ஒரு பொடி பின்னால வருது" என்பாள்.

"ஓடலக்கா" என்று யாராவது மொட்டையாக வந்து நின்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஓடலைன்னா? படம் கறுப்பா நிக்குதா, சத்தம் வரலையா, இல்ல ரெண்டும் வந்து ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுதா? உன் மெஷின்ல மட்டுமா, எல்லார் மெஷின்லயுமா? நேத்து ஓடுச்சா?"

இதற்குப் பதில் இல்லாதவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பதிலோடு வந்தால் பாதி வேலை முடிந்தது. சத்தம் கேட்டுப் படம் மட்டும் கறுப்பாக நின்றால், சுருக்கி வைத்த படத்தை அந்தக் கணினிக்கு விரித்துக் காட்டத் தெரியவில்லை. வேறு முறையில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். முதலில் பொருந்திப் போகப்போக விலகினால், கைபேசியில் எடுத்ததை யாரோ அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்; அது தன் இஷ்டத்துக்கு ஒரு நொடியில் கூடவும் அடுத்த நொடியில் குறையவும் படம் பிடிக்கும். சத்தத்தைக் கையால் கொஞ்சம் முன்னே தள்ளி ஒப்பேற்றுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் கோளாறு இன்னொருவர் மேசையில்தான் போய் நிற்கும். "என் பக்கம் தப்பு இருக்காது, மத்ததைப் பாருங்க" என்று அவள் சொல்வது திமிர்தான். ஆனால் சொன்னபடியே இருந்துவந்ததால் யாரும் வாயைத் திறந்ததில்லை.

இப்போது அவளுடைய மாமனாரிடம் வருவோம். மனிதர் காலமெல்லாம் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். குரல் என்றால் அப்படியொரு குரல். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலே ஆட்சி கவிழ்ந்துவிட்டது போலிருக்கும். புது விளையாட்டில் மலையரக்கன் என்று ஒரு பாத்திரம். அதற்குக் குரல் தேடிய இயக்குநர், பத்துப் பேரைக் கேட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தார். மருமகள் அங்கேதான் வேலை செய்கிறாள் என்பது அதன்பிறகுதான் இயக்குநருக்குத் தெரியும். அவளும் கெட்டிக்காரி. சொந்தக்காரர் விஷயம், நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது என்று, மலையரக்கன் காட்சிகளை மட்டும் வேறு ஆளிடம் தள்ளிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டாள்.

மாமனாருக்கு முழங்கால் வலி. ஒலிப்பதிவுக் கூடத்தின் மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால் வீட்டுப் பின்னறையில் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, தன்னுடைய பழைய பதிவுக் கருவியிலேயே பேசி அனுப்பினார். இயக்குநர் அதைப் பயணத்தில் கைபேசியில் கேட்டுவிட்டு "பிரமாதம் சார்" என்றார். அந்தத் துக்கடா ஸ்பீக்கரில் கனம் எங்கே தெரியப் போகிறது!

காட்சி தயாரானபோதுதான் பிடித்தது சனியன். மலையைப் பிளந்துகொண்டு எழுகிற அரக்கனுக்கு, சளி பிடித்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒல்லிக் குரல். போதாததற்கு அவசரம் வேறு; குரல் பேசி முடித்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது. இயக்குநர் நல்ல மனிதர், தானே போன் போட்டு இதமாகத்தான் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். வயசாகுதில்லையா, குரல் கொஞ்சம் இறங்கிப்போச்சு. பேச்சுலயும் நிதானம் இல்லை. வேற ஒருத்தரைப் பார்த்திருக்கோம்."

பெரியவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இதுதான் வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தியது. அன்றிலிருந்து உப்புப் போட்ட வெந்நீரும் கையுமாக ஆனார். பேச்சு எல்லாம் கிசுகிசுப்புதான். போன் மணி அடித்தால் எடுப்பதில்லை. "இனிமே யாருக்குக் கேக்கணும்?" என்று மகனிடம் ஒருநாள் காதோடு சொன்னாராம். அந்தக் குரலை எடுத்துவிட்டால் மாமனாரிடம் மிச்சம் முழங்கால் வலிதான் என்று உதட்டக்காவுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலை அடைத்து எவனோ காரை நிறுத்திவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கிசுகிசுப்பு மறந்துபோனது.

"யாருய்யா அது? எடுய்யா வண்டிய!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கார்க்காரன் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். பெரியவர் உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீருக்கு உள்ளே போனார். உதட்டக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தத் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஆபீசுக்குப் போனதும், தான் ஒதுங்கியிருந்த அந்தக் காட்சியை முதன்முதலாகப் போட்டுக் கேட்டாள். குரல் ஒல்லி, பேச்சு வேகம், வாய் பின்தங்குகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. குரலைப் பதியும்போது நொடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கித்தான் வைப்பார்கள். மாமனாரின் பழைய கருவி நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் துண்டாக நறுக்கும். கம்பெனியில் நாற்பத்தெட்டாயிரம். குறைவாக நறுக்கியதை வேகமாக எடுத்துக் கொட்டினால் யார் குரலும் கீச்சென்றுதான் வரும், சீக்கிரமும் முடிந்துவிடும். வாயசைவோ அவர் அனுப்பிய மூலக் கோப்பின் நீளத்துக்குச் செய்தது.

யார் கொட்டியது என்று தேடிப் போனாள். வருகிற குரல்களையெல்லாம் விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு சின்ன நிரல் இருந்தது. எத்தனை துண்டு என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும்; அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், எல்லாம் நாற்பத்தெட்டாயிரம்தான் என்று ஒரே வரியில் முடித்திருந்தது. எழுதியது வேறு யாருமில்லை, அவளேதான்.

சும்மா இருந்த காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. அந்த வரியைத் திருத்தி, குரலை மறுபடி மாற்றிப் போட்டுவிட்டு, "மாமா இன்னொரு தடவை பேசிக் கொடுத்தாரு" என்று சொல்லியிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. வேலையும் முடிந்திருக்கும், அவள் பேரும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் மாமனாரின் முதல் குரல் மட்டம்தான் என்று ஆகிவிடும். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அவர் ஆயுசுக்கும் வெந்நீர் குடிப்பார். அவள் வரியைத் திருத்தி, கெட்ட குரலையும் நல்ல குரலையும் எடுத்துக்கொண்டு நேரே இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"குரல்ல தப்பில்லை சார். நாமதான் வேகமா ஓட்டுறோம்" என்றாள்.

இயக்குநர் சங்கடமாகச் சிரித்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்த சக ஊழியர் இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க மாமனாராச்சே. நீங்க வேற என்ன சொல்லுவீங்க?"

"சரி, என்னை நம்ப வேணாம். அவரையும் நம்ப வேணாம். குரலுக்குப் பின்னால இருக்கிறதை மட்டும் கேளுங்க."

இரைச்சலை நீக்கும் வேலை இன்னும் நடந்திருக்கவில்லை. அரக்கனின் நீண்ட சபதத்துக்குப் பின்னால் டிக், டிக் என்று மெலிதாக ஒரு சத்தம். பின்னறைச் சுவர்க் கடிகாரம். போர்வையைத் தொங்கவிட்ட பெரியவர் அதைக் கழற்ற மறந்திருந்தார். உதட்டக்கா சத்தத்தைக் கூட்டிவிட்டு, இயக்குநரின் அறையில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். எல்லாரும் நொடிமுள்ளைப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் கிளம்பின. சபதம் பாதி வருவதற்குள் பின்னறைக் கடிகாரம் முள்ளை முந்திக்கொண்டு ஓடியது.

"மனுஷன் அவசரப்படலாம் சார். கடிகாரமுமா அவசரப்படும்?"

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பெரிய மனுஷனைப் போய்... நானே போன் பண்ணிச் சொன்னேனேம்மா. யார் பண்ண வேலை இது?"

"நான்தான். அந்த நிரல் நான் எழுதினது. தலைப்பைப் படிக்கச் சொல்லாம விட்டுட்டேன்."

"உங்க பக்கம் தப்பு இருக்காதுன்னு சொல்லுவீங்களே!"

"இந்தத் தடவை இருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன், கேளுங்க."

திருத்தியதைப் போட்டாள். மலையரக்கன் பேசினான். மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது, உதடும் குரலும் ஒட்டிக்கொண்டு போயின. முடிந்ததும் இயக்குநர் பெரியவரையே திரும்ப அழைக்கக் கைபேசியை எடுத்தார்.

"நீங்க நாளைக்குப் பேசுங்க சார். இன்னைக்கு நான் சொல்லணும்" என்றாள்.

சாயங்காலம் பின்னறையில் பெரியவர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்பீக்கரை வைத்து முதலில் கெட்டதைப் போட்டாள், அடுத்து நல்லதை. தன் குரல் அறையை நிறைப்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அப்ப என் தொண்டை?" என்று கிசுகிசுத்தார்.

"தங்கமா இருக்கு மாமா."

"அப்ப யாரு பண்ணது?"

"நான்தான் மாமா. நான் எழுதின நிரல்லதான் தப்பு. ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"நீயாம்மா? வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, தொண்டைக்குள்ளயா தேடுனேன் நான்? உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சேம்மா! கூடப் படிச்சவன் போன் பண்ணான், அதைக்கூட எடுக்கலையே! அடுப்படியில நீதானே எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தே?"

போர்வைகளைத் தாண்டிக்கொண்டு போனது அந்தச் சத்தம். உதட்டக்கா தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக அவள் திட்டு வாங்கியதே இல்லை.

வெளியே தெருக் காவல்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "ஐயா! உள்ள ஏதாச்சும் பிரச்சினையா?"

பெரியவர் ஜன்னலைத் திறந்தார்.

"ஒண்ணும் இல்லய்யா!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி முழங்கினார். "மருமகளைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"