தூக்காதீங்க!

அந்தச் சிறுவர் பயிற்சி அறையில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "தூக்காதீங்க" என்பதுதான். பிசியோதெரபிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப் போகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் பொறுமையை அதிகம் சோதித்தவர் வாலுவின் அப்பா. வாலுவுக்கு ஐந்து வயது. பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கால்கள் விறைத்து, கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அப்பாவுக்குக் கிடங்கில் மூட்டை சுமக்கும் வேலை. பையன் லேசாகச் சிணுங்கினால் போதும், அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார்.

"கால் மடங்காம இருக்க ஸ்பிளின்ட் குடுத்தேனே, போட்டு விட்டீங்களா?"

"போட்டா அழுறான் மேடம்."

"நிக்கவாவது வெச்சீங்களா?"

"வெச்சேன்... வலிக்குதுன்னான். தூக்கிட்டேன்."

"நான் இங்க தொண்டத்தண்ணி வத்தக் கத்துறது எதுக்குங்க?"

"என்ன பண்றது மேடம், என் பொழப்பே தூக்குறதுதானே!"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூலையில் கிடந்த பெரிய ரப்பர் பந்தை உருட்டி வந்து அவர் கைகளில் திணித்தாள்.

"இதைப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் கீழ வெக்கக் கூடாது."

பந்துக்குப் பின்னால் அவர் முகமே மறைந்துபோனது. வாலுவைச் சுவரோரக் கம்பியைப் பிடித்து நிற்க வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் ஊரைக் கூட்டினான்.

"அப்பா, தூக்குப்பா!"

பந்து நடுங்கியது. கீழே மட்டும் இறங்கவில்லை.

வாலுவின் கோபம் அவள் பக்கம் திரும்பியது. "நீ ராட்சசி! உன்னை அடிப்பேன்!"

"அங்கேருந்து எப்படிடா அடிப்ப? கிட்ட வா."

கம்பியை விட்டான். ஒரு கால் இழுத்துக்கொண்டு வந்தது, மற்றது அதில் இடறியது. எப்படியோ தள்ளாடி வந்து அவள் மூக்கிலேயே ஒரு குத்து விட்டு, அவள் கைகளில் சரிந்தான். அப்பா பந்தை நழுவவிட்டுத் தேம்பினார். அவளுக்கோ கண்ணில் நீர் முட்டியது. அது வலியாலா, சந்தோஷத்தாலா என்று பார்க்கக்கூட நேரமில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐஸ் தேடினாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுவாரம் வாலு நடக்கவே மாட்டேன் என்று தரையில் உருண்டான். ஸ்பிளின்ட் அவள் கொடுத்தபோது இருந்த பளபளப்பு மாறாமல் இருந்தது. மறுபடி கத்தல், மறுபடி மல்லுக்கட்டு. ஊன்றுகோலோடு அவன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வெகு காலம் பிடித்தது. அதற்குள் அவளுக்கு முன்தலை நரைத்துவிட்டது. யாரால் என்று கேட்டால், யோசிக்காமல் அப்பனையும் மகனையும் கைகாட்டுவாள்.