சிவப்பு வேஸ்ட் நூல்

நேற்று பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினைத் துடைக்கும்போது சிவப்பு வேஸ்ட் நூல் ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது. உடனே ஊட்டிக்கு மேலே இருந்த அந்த ஏரியின் குளிர் என் கைக்கு வந்துவிட்டது.

அப்பாவும் பனியன் கம்பெனி நண்பர்களும் ஒரு தூண்டில் சங்கம் வைத்திருந்தார்கள். வருடம் ஒருமுறை ட்ரவுட் மீன் பிடிக்க மலையேறுவார்கள். பத்து வயதில் அழுதே நானும் வேனில் இடம் வாங்கினேன். சங்கத் தலைவர் பழனி மாமா அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"புள்ள ஒரு மீனாவது புடிச்சாத்தானுங்க அடுத்த வருசம் வண்டியில இடம்."

அமராவதி அணையில் கட்லா மீனுக்குப் போடும் மாவு உருண்டையையே இங்கேயும் எல்லாரும் போட்டார்கள். மதியம்வரை ஒரு மீனும் தொடவில்லை. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கள் மேலே பறந்த பூச்சிகளைத்தான் எம்பிப் பிடித்தன. அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு நூலைப் பிய்த்து, பூச்சிபோல தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டினேன்.

"ஏங்கண்ணு, மீனுக்குப் பனியன் தெச்சுப் போடறயா?" என்று மாமா சிரித்தார்.

தூண்டிலை வீசினேன். நூல் நீரில் பட்டதும் கம்பு வில்லாக வளைந்தது. உடம்பெல்லாம் புள்ளி வைத்த ட்ரவுட் ஒன்று புல்லில் விழுந்து துள்ளியது.

மாமா எழுந்துபோய் அப்பாவின் சட்டை முதுகைத் தடவினார். "ஏனுங்க, இன்னும் ரெண்டு நூல் இருக்குதுங்களா?"

அடுத்த வருடம் வேனில் முன்சீட் எனக்கு.

"என்னக்கா, தனியாச் சிரிக்கறீங்க?" என்றாள் பக்கத்து மிஷின் பெண்.

"மீனுக்குப் பனியன் தெச்சவ கண்ணு நானு," என்றேன்.