கையின் நீளத்துக்கு ஒரு வில்

“செவ்வாய். தூறல். வேட்டைக்கா, இலக்குக்கா என்று கேட்டார். ஒழுங்கான பதில் சொல்லவில்லை.” சென்ற ஒக்டோபரில் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது இவ்வளவுதான். கேட்டவர் லண்டனின் தெற்கே, குரோய்டனுக்கு அப்பால் வில் விற்கும் கடைக்காரர். முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில், தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி, கண்ணாடிக்குப் பின்னால் வில்களைத் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டில் கறிக்கத்தியைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்று பழகி வளர்ந்தவன் நான். அந்தக் கதவைத் தள்ளுவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“வேட்டைக்கு, என் தம்பியோடு” என்றேன். அவர் கையிலிருந்த வில்லை மேசையில் வைத்துவிட்டார். “இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம், சேர்” என்றார், மிகவும் மரியாதையாக. குடியுரிமை விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒருவனுக்கு அந்த ஒரு சொல் போதும். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். எதற்காக என்று அவருக்கு விளங்கவில்லை. தம்பி இருப்பது கனடாவில் என்று எனக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான். அவர் முகம் மலர்ந்தது. “கனடாவா! எப்போது போகிறீர்கள்?”

தம்பி ஸ்காபரோவில் இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு முன்பே வெளிக்கிட்டவன். ஒவ்வொரு கார்த்திகையும் உரிமம் எடுத்துக்கொண்டு, வடக்கே காட்டுக்குப் போய் மான் வேட்டையாடுகிறான். அவன் அனுப்பும் படங்களில் மரங்களும் பனியும் அவனுடைய சிவந்த மூக்கும்தான் இருக்கும்; மான் குறைவு. “ஒருக்கா வாங்கோ அண்ணை” என்பான். ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பித்தேன். பயணம் முடிந்ததும் நான் திரும்பிப் போவேன் என்பதில் அவர்களுக்குத் திருப்தியில்லை என்று பதில் வந்தது. எங்கே திரும்பிப் போவேன் என்பதில் எனக்கே நெடுநாளாகத் திருப்தியில்லாததால் அந்தக் கடிதத்தோடு நான் சண்டைபிடிக்கவில்லை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வந்தால் போகலாம். அது வரும்வரை லண்டனைவிட்டு அசைய முடியாது. இங்கே வில் வேட்டையும் கிடையாது.

ஆனாலும் வில் பழகலாம். நான் இருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் ஒரு வில்வித்தைக் கழகம் இருக்கிறது. அங்கேதான் கொம்பவுண்ட் வில்லை முதலில் தொட்டேன். இரு முனைகளிலும் சில்லுகள் பூட்டிய வில் அது. இழுக்கத் தொடங்கும்போது நல்ல பாரம். முழுதாக இழுத்து முடித்ததும் பாரம் திடீரென்று குறைந்துவிடும். எய்யாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கலாம். காத்திருக்கிறவர்களுக்காகச் செய்த வில் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தக் கொம்பனியின் வில்லை வாங்குவது என்று இரண்டு மாதம் வாசித்தேன். கொம்பனிப் பெயர்களை இங்கே எழுதவில்லை, விளம்பரமாகிவிடும். ஒன்று தம்பியுடைய கொம்பனி. குட்டையான, வேகமான, இலைநிறம் பூசிய வேட்டை வில்கள். மற்றது இலக்குப் பயிற்சிக்குப் பெயர்போனது. வில் நீளமானது, கை நடுங்கினாலும் பொறுத்துக்கொள்ளும், உதிரிப்பாகம் குரோய்டனிலேயே கிடைக்கும். புத்தி இரண்டாவதைச் சொன்னது. தம்பியிடம் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரே? அதைக் கொண்டு காட்டுக்கை போகேலாது. மரமெல்லாம் தட்டும்.”

“இஞ்ச எங்கயடா காடு? எங்கட கோயில் வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி கார் பார்க்கைச் சுத்தி வரும். லண்டனிலை வேட்டை அவ்வளவுதான்.”

“சாமிக்கு விசா தேவையில்லை” என்று சிரித்தான். பிறகு, “அண்ணை, நீங்கள் ஒண்டும் வாங்கத் தேவையில்லை. உங்களுக்கெண்டு ஒண்டு வாங்கி பேஸ்மெண்டிலை தூக்கி வைச்சிருக்கிறன். என்ர கொம்பனிதான்” என்றான்.

“அளவு தெரியாமல் எப்பிடி வாங்கினனீ?”

“என்ர அளவுதான். உங்கட சேட்டைத்தானே நான் போட்டுத் திரிஞ்சனான்.”

கொம்பவுண்ட் வில் ஒருவர் சட்டையை இன்னொருவர் போடுகிற மாதிரி அல்ல. ஒருவன் எவ்வளவு தூரம் இழுப்பான் என்று அளந்து, அந்த நீளத்தில் அதை நிறுத்தி வைப்பார்கள். குரோய்டன் கடைக்காரர் அளவுக் கோடுகள் போட்ட அம்பொன்றைக் கொடுத்து என்னை அளந்திருந்தார். தம்பி பிறகு சொன்ன அவனுடைய அளவைவிட அது இரண்டு அங்குலம் குறைவு. காரணம் எனக்குத் தெரியும். அதே குரோய்டனில், அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பெரிய கட்டடத்தில், அரசாங்கத்துக்கும் தெரியும். என் இடது முழங்கை எவ்வளவுக்குமேல் நிமிராது என்று ஒரு வைத்தியர் பாகைக் கணக்கில் எழுதிக்கொடுத்திருந்தார். தம்பிக்கு மட்டும் தெரியாது. அவன் வெளிக்கிட்ட பிறகு ஊரில் நடந்தது அது. ரெலிபோனில் கை தெரியாது. வீடியோவில் முகத்தைத்தான் காட்டுவோம். தெரிந்தால் தன்னை முதலில் அனுப்பியதை நினைத்து நினைத்தே அழிவான் என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஞாயிறு, நான் எப்படி இழுக்கிறேன் என்று பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். கழகத்து வேலியில் போனைச் சாய்த்துவைத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே வில்லை எடுத்து இழுத்தேன்.

“இடது கை மடிஞ்சிருக்கு அண்ணை. நீட்டுங்கோ.”

பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கோழிக்காலைப் பிடிக்கிற மாதிரி நிக்கிறியள். நல்லா நீட்டிப் பிடியுங்கோ.”

“இதுதானடா நீட்டினது.”

பாரம் குறைந்த வில்லையும் அதிக நேரம் பிடிக்க முடியாது. எய்யாமல் மெதுவாக நாணைத் திரும்ப விட்டேன்.

“எப்ப இருந்து?” என்றான்.

“நீ போன பிறகு.”

வேலியருகே போய்ப் போனை எடுத்தபோது திரையில் அவன் முகம் இல்லை. பேஸ்மெண்ட் கூரை தெரிந்தது. குரல் மட்டும் வந்தது: “அங்க ஒண்டும் வாங்காதேங்கோ. இந்த வில்லை உங்கட கைக்கு மாத்துவம்.”

ஆகவே நான் எந்தக் கொம்பனியையும் தெரிவுசெய்யவில்லை. கழகத்து வில்லிலேயே பழகுகிறேன். நான் பார்த்திராத வீடொன்றில், தம்பி கடைசியாகக் கண்ட என் கையின் நீளத்துக்கு ஒரு வில் தொங்குகிறது. அந்தக் கொம்பனியின் சில வில்களில் ஆணியைக் கழற்றி நீளத்தைக் குறைக்கலாமாம். சிலவற்றில் சில்லையே மாற்ற வேண்டுமாம். இன்னும் சிலவற்றை ஒன்றுமே செய்ய முடியாதாம். இது எந்த வகை என்று தம்பி கடையில் விசாரித்திருக்கிறான். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. “உறுதிப்படுத்தப்படவில்லை” என்றே குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.