தழும்பு வேண்டாம் என்றேன்

என் தம்பி ஸ்ரீஸ்கந்தராசா படி இறங்குவதைப் பார்த்தால் தெரியும், பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவான். அவன் காலை அப்படி ஆக்கினது அக்காவான நான்தான். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்வதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சண்டை நடந்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லேனில், மேல்மாடி அனெக்ஸில் நாங்கள் இருவரும் இருந்தோம். எனக்கு முப்பத்தேழு, அவனுக்கு இருபத்தாறு. காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் அவன் சேல்ஸ்மன். நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குவான், ஞாயிறு வந்தால் வொலிபோல். முழங்கால் சில்லுக்குக் கீழே நோகுது என்று ஒரு வருடமாகச் சொன்னான். ஓய்வெடு, ஐஸ் வை என்று எத்தனை தரம் சொன்னேன்! தைலத்தைப் பூசிக்கொண்டு திரும்பவும் குதிக்கப் போனான்.

ஒருநாள் பந்தை அடிக்கத் துள்ளியபோது படாரென்று சத்தம் கேட்டதாம். விழுந்தவனால் காலை நீட்டித் தூக்க முடியவில்லை. சில்லு மேலே ஏறி, அதன் கீழே விரல் வைத்தால் பள்ளம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தமிழர், வயதானவர். பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"தசைநாண் கொஞ்சம் கிழிஞ்சிருந்தா, காலை நீட்டிக் கட்டி, பயிற்சியோடை சுகமாக்கலாம் பிள்ளை. இது முழுசா அறுந்துபோச்சு. ரெண்டு கிழமைக்குள்ளை வெட்டித் தைக்க வேணும். பிறகு ஆறு கிழமை கட்டு, அதுக்குப் பிறகு பிசியோ. நல்லா நடப்பார்."

"தழும்பு வருமோ டொக்டர்?"

"ஓம், முழங்காலுக்கு முன்னாலை நீளமா வரும்."

அந்த நாட்களில் ஆமிக்காரர் செக்பொயின்ற்றில் தமிழ்ப் பெடியன்களின் காற்சட்டையை மடிக்கச் சொல்லி முழங்காலைப் பார்ப்பார்கள். தழும்பு கண்டால் புலிகளிடம் பயிற்சி எடுத்தவன் என்று ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவியின் மகன் சைக்கிளால் விழுந்த தழும்புக்காக ஐந்து மாதம் உள்ளே கிடந்தான்.

"ஒப்பரேஷன் வேண்டாம்," என்றேன்.

"பயப்பிடாதை பிள்ளை, நான் கடிதம் தாறன். சிங்களத்திலையும் எழுதித் தாறன்."

"கடிதம் வாசிக்கிறதுக்கோ டொக்டர் அவங்கள் றோட்டிலை துவக்கோடை நிக்கிறாங்கள்?"

என் வாய் சும்மா இருக்குமா! தம்பி கட்டிலில் இருந்தபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். வேண்டாம் என்ற தாளில் அவனைக் கையெழுத்துப் போடவைத்துக் கூட்டிவந்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். வீக்கம் வற்றியது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், மடைச்சி. வீக்கம்தான் வற்றியது, கால் மடங்கி மடங்கி அவனை விழுத்தியது. ஏணி ஏற மாட்டாதவனைப் புடவைக் கடை எத்தனை நாள் வைத்திருக்கும்? நிற்பாட்டிவிட்டார்கள்.

நாலாம் மாதம் ஒரு சந்தியில் அவனை மறித்தார்கள். முழங்காலைப் பார்த்தார்கள், வழுவழுவென்று இருந்தது. அப்படியென்றால் ஏன் நொண்டுகிறாய், எங்கே காயப்பட்டாய் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். வொலிபோல் என்றிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டு என்றார்களாம். கடிதத்துக்கு எங்கே போவது? பதினொரு நாள் வைத்திருந்தார்கள்.

விட்ட அன்றே அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். தொட்டுப் பார்த்தார். அறுந்த நாண் சுருங்கிவிட்டது, இனி வேறு இடத்து நாண் எடுத்துப் பொருத்த வேண்டும், அப்படிச் செய்தாலும் பழையபடி வரும் என்று சொல்ல மாட்டேன் என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

திரீவீலரில் திரும்பி வரும்போது தம்பியைக் கேட்டேன்.

"என்னிலை கோவமோடா?"

"கோவமில்லை அக்கா."

"பயத்திலைதானே தம்பி செய்தனான். உன்னைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்ட பயம்."

"எனக்குத் தெரியும்." காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்தான். "ஆனா நீங்களும் டொக்டரும்தான் கதைச்சனீங்கள். கால் என்ரை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

"வெட்டச் சொல்லியிருப்பன்," என்றான். அதற்கு அவன் யோசிக்கவே இல்லை.