சுரண்டிப் பார்த்த பிளாக்செயின்

பட்டுக்கடை ரஃபீக் பாய் காலையில் போன் செய்தார். "ஒர்த்தர் வந்துக்கினு இருக்காருமா. சேலை அசல்னு பிளாக்செயின்ல எழுதித் தராராம். நீ கம்ப்யூட்டர் வேலைதானே, வந்து பாரு."

நான் கடைக்குப் போனதும் வந்தவர் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் நாற்பது சேலைகள், ஒவ்வொன்றுக்கும் நெய்தவர் பெயர். "ஸ்மார்ட் கான்ட்ராக்ட், மேடம். ஒரு தடவை ஏறிட்டா யாராலும் அழிக்க முடியாது."

பாய் ஒரு சேலையின் ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால்தான் அது அசல் ஜரிகை என்று அவர் நம்புவார்.

"இவர் சொல்றத எங்கமா சுரண்டறது?"

எட்டிப் பார்த்தேன். பல கம்ப்யூட்டர்களில் பிரதி இருக்க வேண்டிய அந்த பிளாக்செயின் மொத்தமும் அவர் லேப்டாப்பிலேயே, ஒரே ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது வெளியே சேமிக்காவிட்டால் உள்ளிருப்பதெல்லாம் போய்விடும் தற்காலிகப் பெட்டிக்குள், ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அந்த கன்டெய்னரை நிறுத்திட்டு புதுசா ஒண்ணு ஓட்டுங்க சார்."

"எதுக்கு மேடம்?"

"சும்மாதான்."

தயங்கித் தயங்கி நிறுத்தினார். புதிதாக ஒன்றை ஓட்டினார்.

திரையில் ஒரு சேலைகூட இல்லை.

"இது வெறும் டெமோ மேடம்" என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினார்.

பாய் சிரிக்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினார். "நம்ம கடைக்கு நீ செஞ்சு குடுத்தியே டிசைன் லிஸ்ட்டு, அதுவும் கன்டெய்னர்லதான் ஓடுதுன்னு சொன்ன இல்ல? அதையும் ஒரு தபா நிறுத்திக் காட்டுமா."

"நாளைக்கு வரேன் பாய்" என்று நழுவி வந்துவிட்டேன். அந்த டிசைன்களை கன்டெய்னருக்கு வெளியே சேமித்து வைத்தேனா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

சக டெவலப்பர்களே, உங்களுடையதை நிறுத்திப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

நான் தூக்கவில்லை.