வரி முடிவில் ஒட்டிய வால்

போன சனிக்கிழமை கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், எங்கள் கோரமண்டல் பகுதி வீட்டில் இருந்தவர்கள்: நான், என் நாத்தனார் செல்வி, பென்ஷன் வாங்கும் மாமனார். கம்ப்யூட்டர் திரையில் கழுத்து வரைக்கும் தெரிந்த செல்வியின் டீம் லீட். ஆக, மூன்றரைப் பேர்.

செல்வி பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறாள். வேலை நிரந்தரமாவது அந்த லீட் கையில். ஊருக்கு வரும் மாரிகுப்பம் ரயிலில் நிற்கவே இடமிருக்காது, லேப்டாப்பை எங்கே வைப்பது? அதை ஆபீஸிலேயே விட்டுவிடுவாள். லீவு நாளில் வேலை வந்தால் வீட்டிலிருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்தான்.

அன்று நாலே வரி திருத்தி அனுப்பியிருந்தாள். ஆபீஸில் பழைய ஃபைலோடு ஒப்பிட்டால்... மொத்தமும் சிவப்பு. எல்லா வரியும் மாறியிருக்கிறதாம்!

"யாரோ எழுதிக் குடுத்ததை அப்படியே போட்டுட்டீங்களா செல்வி? கேஜிஎஃப்ல அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்களா?" லீட் சிரித்தார். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதையே போட்டிருந்தார்.

ஒன்பதாவதோடு நின்றவள் நான். யாராவது கேள்வி கேட்டாலே பயந்துவிடுவேன். 'சாரி சொல்லிடு' என்று ஜாடை காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "கம்பைல் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"அது... ஓடுது."

"அப்போ வரி முடிவை விட்டுட்டு மறுபடி ஒப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர் மாமனார். "இன்னாம்மா சொல்றான் அந்த ஆளு?" என்றார்.

"உன் கேஜ் மணி மாதிரிப்பா. ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு விழும். வரி முடிஞ்சதுன்னு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு மணி அடிக்கும். நம்மளுது ரெண்டு அடிக்கும். ஒப்பிடுறப்போ எல்லா வரியும் வேற மாதிரி தெரியும். புரோகிராமைப் படிச்சு ஓட வைக்கிற கம்பைலர் ரெண்டையும் ஒத்துக்கும்."

"எங்க ஷாஃப்ட்ல அப்படி மாத்தி அடிச்சிருந்தா ஆளு காலி."

லீட் வரி முடிவை விட்டுவிட்டு மறுபடி ஒப்பிட்டார். பிறகு, "ஓகே. நாலு வரிதான். விடுங்க, மண்டே பேசலாம்."

"மண்டே வேணாம் சார். யாரோ எழுதினதுன்னு குரூப்ல போட்டீங்க. நாலு வரின்னும் அங்கயே போடுங்க."

போட்டார்.

யோசித்துப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கம்பைலர் பார்க்கிறது. எந்த ஊர் கம்ப்யூட்டரில் அடித்தாய் என்று கேட்பதில்லை. மனுஷன்தான் வரி முடிவில் ஒட்டிய வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.

இனி நான் ஜாடை காட்டப் போவதில்லை. பயம் இருக்கும் — அது பாட்டுக்கு இருக்கட்டும்.

குரூப்பில் 'நாலு வரி' வந்துவிட்டது. லீட்டின் 'சாரி' மட்டும் இன்னும் பாக்கி... செல்வி அதை வசூலிக்காமல் விடுவதாக இல்லை.