லிங்கத்தின் காவடிக் கம்பு

சீனாக்காரரின் காவடிக் கம்பைத் திருடியவன் நான்தான்.

யுத்த காலத்தில் நடந்தது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்... முகம் தெரியாதவர்களிடம்தான் எனக்குப் பேச்சு வரும்.

அப்போது நான் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றும் கூலி. ஜப்பான் குண்டுக்குப் பயந்து எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். அதனால் ஒரு கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளும் சீனர்களையும் எங்களோடு சுமக்க இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் லிங் என்று முடியும். நாங்கள் லிங்கம் ஆக்கிவிட்டோம்.

நாங்கள் தலையில் ஒரு கூடை சுமப்போம். லிங்கம் மட்டும் தோளில் மூங்கில் கம்பை வைத்து, இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போவார்.

"இன்னாபா, திருத்தணிக்கா?" என்று கிண்டல் செய்தோம். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"பாத்துக்க நைனா. அவன் ரெண்டு தூக்கறான். நாளைலேர்ந்து நீங்களும் ரெண்டு. முடியாதவன் வூட்ல குந்து."

எனக்கு ஒரு கூடைக்கே கண் இருட்டும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது...

சாப்பாட்டு வேளையில், லிங்கம் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது கம்பை எடுத்தேன். வாயிலில் காவல்காரர் மறித்தார்.

"இன்னாயா அது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை, கால்தான் வந்தது. ஆளுயரக் கம்பை ஊன்றி நொண்டினேன்.

"ஐயோ பாவம். பாத்துப் போ."

ஒருநாள் நொண்டியவன் மறுநாள் நேராக நடக்க முடியுமா? காவல்காரர் பார்க்கிறாரே... கம்பை வீட்டில் ஒளித்துவிட்டு, தினமும் நொண்டினேன். "நேத்து வலது காலு இல்ல?" என்று ஒருவன் கேட்ட பிறகு, கவனமாக நொண்டினேன்.

கம்பு போனதும் இரண்டு கூடைப் பேச்சும் போயிற்று. லிங்கத்துக்குத் தலையில் சுமக்கத் தெரியாது. சும்மாடு நழுவி, கரியெல்லாம் முகத்தில் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அந்தக் கழுத்தோடு, என் காலைப் பார்த்துவிட்டு, தன் கூடையை இறக்கியதும் திரும்பி வந்து என் கூடையையும் வாங்கிப் போவார். மறுத்தால் குட்டு வெளிப்படுமே. கொடுத்தேன்... ஒவ்வொரு நாளும் கொடுத்தேன்.

கப்பல் கிளம்பிய அன்று அவர் ஒரு புது மூங்கில் கம்போடு வந்தார். நுனியில் கைக்கு உறுத்தாமல் துணி சுற்றியிருந்தது. என் காலைத் தொட்டுக் காட்டி, கம்பை என் கையில் திணித்தார். அதை ஊன்றி, அவர் கண்ணெதிரே நான் நொண்டிக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு நிஜமாகவே முழங்கால் வலி. கொருக்குப்பேட்டை வீட்டு மூலையில் இரண்டு கம்புகளும் சாய்ந்து நிற்கின்றன. வெளியே கிளம்பும்போதெல்லாம் மனைவி கேட்கிறாள்:

"ரெண்டு கம்பு கீதே, ஒண்ண எடுத்துகினு போனா இன்னா?"

எதை எடுப்பது, சொல்லுங்கள்...

வெறுங்கையோடுதான் நொண்டுகிறேன்.